யாருடைய முழம்?

புகாரை விட்டுப் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே, மதுரை எங்கே இருக்கிறது என்று கண்ணகி கேட்கிறாள். முப்பது காதம் என்கிறான் கோவலன். சிலப்பதிகாரம் படித்தவர்கள் மறக்காத இடம் அது. அந்த முப்பது காதம் இன்றைக்கு எத்தனை கிலோமீட்டர்? ஒரு காதம் மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதன்படி மதுரை 110 கிலோமீட்டர். காதம் 6.7 கிலோமீட்டர் என்பது இன்னொரு கணக்கு. அப்படியானால் 200. அகராதியோ காதத்துக்கு ஏறக்குறைய பத்து மைல் என்று பொருள் சொல்கிறது. அதை எடுத்தால் 480. நடந்தவர்கள் நடந்தது ஒரே வழிதான்.

கண்டிப் பக்கத்தில் வாழ்பவர்களுக்குப் பழைய அளவுகள் புதியவை அல்ல. இலங்கை 1970-களில் மீட்டருக்கு மாறிவிட்டது. ஆனாலும் பேராதனையிலோ கடுகஸ்தோட்டையிலோ காணி விலை பேசுபவர்கள் பேர்ச்சில்தான் பேசுகிறார்கள். புடைவைக் கடையில் யார் என்ற சொல் இன்னும் காதில் விழுகிறது. தோட்டத்துப் பெரியவர்களிடம் தூரம் கேட்டால் இத்தனை கட்டை என்பார்கள். மைல்கல் நட்ட காலத்துச் சொல் அது. இந்த மூன்றையும் மாற்றுவதில் சிக்கல் எதுவும் இல்லை. 1959 முதல் ஒரு யார் என்பது மிகச் சரியாக 0.9144 மீட்டர். அதிலிருந்து ஒரு பேர்ச் 25.29 சதுர மீட்டர் என்றும், ஒரு மைல் 1609 மீட்டர் என்றும் கணக்கு நேராக வந்துவிடும். முழமும் காதமும் அப்படி வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதற்கு மிக நல்ல தடயம் ஒன்று கண்டியிலிருந்தே கிடைக்கிறது. அதை எழுதி வைத்தவர் அங்கே கைதியாக இருந்த ஓர் ஆங்கிலேயர்.

அவரிடம் போவதற்கு முன் காதத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம். குழப்பம் வராமல் இருக்க, இந்தக் கட்டுரையில் அங்குலம் என்றால் 2.54 செ.மீ. கொண்ட ஆங்கில அங்குலம். பழைய அங்குலத்தை விரல் என்றே எழுதுகிறேன்.

பழைய தமிழ்க் கணக்கு நூல்களின் வாய்பாடு இப்படிப் போகிறது. எட்டு நெல் சேர்ந்தால் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம், நான்கு முழம் ஒரு கோல், ஐந்நூறு கோல் ஒரு கூப்பிடு, நான்கு கூப்பிடு ஒரு காதம். ஆக, ஒரு காதம் 8,000 முழம். இதுவரை சந்தேகத்துக்கு இடமில்லை. முழத்தை 18 அங்குலமாகக் கொண்டால் காதம் 3.66 கிலோமீட்டர். ஆனால் தச்சர்களும் சிற்பிகளும் கையாளும் முழம் வேறு. தச்சு முழம் என்று தமிழ்நாட்டில் வழங்குவது 33 அங்குலம், அதாவது 83.8 செ.மீ. அதை அதே வாய்பாட்டில் வைத்தால் காதம் 6.7 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. முதல் இரண்டு விடைகளும் வந்த வழி இதுதான். வாய்பாடு ஒன்று, முழம் இரண்டு.

இந்த இடத்தில் இரண்டு கருத்துகளைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, அளவுகளுக்குள் இருக்கும் விகிதம்: 24 விரல் ஒரு முழம், 8,000 முழம் ஒரு காதம் என்பவை. மற்றது, அந்த விகிதச் சங்கிலியை உலகத்தோடு கட்டும் ஒரு பொருள். அது கையாக இருக்கலாம், மரக்கோலாக இருக்கலாம், நெல்மணியாகவும் இருக்கலாம். இதை ஊன்று அளவு என்று அழைக்கிறேன். விகிதங்கள் எண்கள். எழுத்தில் நிற்கும், மனப்பாடமாகும், நூற்றாண்டுகளைத் தாண்டும். ஊன்று அளவு ஒரு பொருள். அது தேயும், தொலையும், ஊருக்கு ஊர் வேறுபடும். நமக்கு வந்து சேர்ந்த வாய்பாடுகளில் பெரும்பாலானவை விகிதத்தை மட்டும் சுமந்து வந்தவை.

இனி அந்தக் கைதி. ரொபர்ட் நொக்ஸ் 1660-இல் கொட்டியாரக் குடாவில் தந்தையோடும் கப்பல் ஆட்களோடும் பிடிபட்டபோது அவருக்கு வயது 19. இரண்டாம் இராஜசிங்கன் ஆண்ட காலம். மன்னன் அவர்களைச் சிறையில் அடைக்கவில்லை. மலைநாட்டுக் கிராமங்களில் ஆளுக்கோர் ஊராகக் குடியமர்த்தினான். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடனுக்குக் கொடுத்து வட்டி வாங்கினார், உடுநுவரவில் எலதெத்த என்ற ஊரில் நிலம் வாங்கி வீடு கட்டினார். 1679-இல் தப்பி, மன்னார்க் கரையிலிருந்த அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார். 1681-இல் இலண்டனில் அவருடைய நூல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் றோயல் சொசைட்டியின் ரொபர்ட் ஹூக். நுண்ணோக்கியில் உயிரணுவைக் கண்டு பெயரிட்ட அதே ஹூக்தான். அளவு என்றால் உயிரையே கொடுக்கும் மனிதர். நொக்ஸின் நூல் இவ்வளவு விவரமாக அமைந்ததில் அவருடைய தூண்டுதலுக்கும் பங்கு உண்டு.

நெல் அளந்து கடன் கொடுத்தவர், வீடு கட்டியவர், ஏறத்தாழ 19 ஆண்டுகள் அந்த மக்களோடு வாழ்ந்தவர். அளவுகளைப் பற்றி அவர் சொல்வதற்கு மதிப்புக் கொடுக்கலாம். கண்டி நாட்டில் நீளத்தை அளக்க இரண்டு ரியன் இருந்தன என்று அவர் எழுதுகிறார். ரியன் என்பது சிங்களத்தில் முழம். சாதாரண ரியன், முழங்கையின் உட்பக்க எலும்பிலிருந்து நான்காம் விரலின் நுனிவரை. மற்றது வடு ரியன், தச்சனின் முழம். இரண்டு கைகளையும் மடக்கி, பெருவிரல் நுனிகள் ஒன்றையொன்று தொட, முழங்கைகளைப் பக்கவாட்டில் விரித்தால், ஒரு முழங்கையிலிருந்து மறு முழங்கைவரை உள்ள நீளம் அது.

படிப்பவர்கள் இதை இப்போதே செய்து பார்க்கலாம். நடுத்தர உயரமுள்ள ஒருவருக்கு முழங்கை முதல் முழங்கைவரை 75-க்கும் 84-க்கும் இடையே செ.மீ. வரும். உட்பக்க எலும்பிலிருந்து அளக்கும் சாதாரண ரியன் 38 முதல் 43 செ.மீ. வரை. பெரியது சிறியதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. கைகளைப் பெருவிரலில் இணைத்து அளப்பதால் இரு மடங்காவது இயல்புதான்.

நொக்ஸின் குறிப்பு எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்பதில் கவனம் தேவை. தச்சு முழம் 33 அங்குலம்தான் என்று அது நிறுவவில்லை. 75 முதல் 84 செ.மீ. என்ற இடைவெளியில் 33 அங்குலம் ஒரு ஓரமாகத்தான் வந்து உட்காருகிறது. கேரளத் தச்சர்களின் கோல் 72 செ.மீ.; அதுவும் அந்த எல்லையிலிருந்து அதிகம் விலகவில்லை. ஆனால் 18 அங்குல முழத்தைத் தச்சனின் கையிலிருந்து அந்தக் குறிப்பு எடுத்துவிடுகிறது. ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே பெயரில் இரண்டு அளவுகள் இருந்தன என்பதற்கு அதுவே சாட்சி. கண்டி ஓலை ஒன்றில் பத்து ரியன் என்று இருந்தால், அது வேலியின் நீளமா மரவேலையின் நீளமா என்று தெரியாமல் மீட்டருக்கு மாற்ற முடியாது.

அந்த விளக்கத்துக்குள்ளேயே இன்னொரு தடுமாற்றமும் இருக்கிறது. நான்காம் விரல் எது? பெருவிரலையும் சேர்த்து எண்ணினால் மோதிர விரல், சேர்க்காவிட்டால் சுண்டுவிரல். இரண்டின் நுனிகளுக்கும் இடையே சில செ.மீ. வித்தியாசம். முழங்கையின் வெளிமுனையிலிருந்து தொடங்காமல் உட்பக்க எலும்பிலிருந்து தொடங்கினால் இன்னும் சில செ.மீ. குறையும். அளவு அறிவியலில் பிழையை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். ஆளுக்கு ஆள் கை சற்று முன்பின்னாக இருப்பது சிதறல் பிழை. பலரை அளந்து சராசரி எடுத்தால் அது சுருங்கும். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதில் வரும் தவறு சாய்வுப் பிழை. ஆயிரம் பேரை அளந்தாலும் அது குறையாது, ஏனென்றால் எல்லோரையும் ஒரே பக்கமாகத் தவறாக அளக்கிறோம். பழைய அளவுகளை ஆராய்பவர்களைத் திண்டாட வைப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை.

முதல் வகையைக் குறைக்கும் வழியை மக்கள் வெகு காலத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். 16-ஆம் நூற்றாண்டில் யாக்கோப் கோபெல் என்ற ஜெர்மானியர் எழுதிய நில அளவை நூலில் ஒரு முறை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வெளியே வரும் பதினாறு பேரை, நெட்டை குட்டை பாராமல், வந்த வரிசையிலேயே நிறுத்து. ஒருவர் குதிகாலை அடுத்தவர் கட்டைவிரல் தொட இடப்பாதங்களை வரிசையாக வை. அந்த மொத்த நீளம் ஒரு கோல். அதில் பதினாறில் ஒரு பங்கு முறையான அடி. தேர்ந்தெடுக்காமல் வருபவர்களை எடுப்பதும், பதினாறு பேரைக் கூட்டுவதும் இந்த முறையின் உயிர். பதினாறு பேரின் சராசரியில் தடுமாற்றம் ஒருவரில் இருப்பதன் கால் பங்காகிவிடும். புள்ளியியல் என்ற துறை பிறப்பதற்கு முன்பே அந்தத் துறையின் மையக் கருத்தை ஒருவர் கோயில் வாசலில் நிறுத்திக் காட்டியிருக்கிறார்.  சோழ நாட்டில் வேறு வழியும் கையாண்டார்கள்: ஊர்க் கோலின் நீளத்தைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். கை மாறும், கோல் உளுத்துப்போகும், கருங்கல் நிற்கும். ஊன்று அளவைக் காப்பாற்ற அதைவிடச் சிறந்த ஏற்பாடு அன்றைக்கு இருந்திருக்க முடியாது.

தச்சு முழத்துக்குத் திரும்புவோம். சாதாரண முழத்திலும் 24 விரல், தச்சு முழத்திலும் 24 விரல். முழம் இரு மடங்குக்குக் கிட்டப் போகும்போது எண்ணிக்கை மட்டும் மாறாமல் நிற்பது எப்படி? விரல் மாறுகிறது. விரலை அகலத்தில் அளந்தால் ஏறக்குறைய 1.9 செ.மீ.; 24 மடங்கு 18 அங்குலம். தச்சு முழத்தின் விரலோ 3.5 செ.மீ. அவ்வளவு அகலமான விரல் யாருக்கும் இல்லை. சிற்ப நூல்களில் விரலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரையறைகள் உண்டு. தானியத்தை அடுக்கிப் பெறுவது ஒன்று. கோயில் எடுப்பிப்பவரின் நடுவிரலில் நடுக் கணுவின் நீளத்தைக் கொள்வது ஒன்று. சிலையின் உயரத்தையே குறிப்பிட்ட எண்ணிக்கையில் பங்கிட்டு, அந்தச் சிலைக்கு மட்டும் உரிய விரலைப் பெறுவது இன்னொன்று. ஆனந்த குமாரசுவாமி 1908-இல் கண்டிக் கைவினைஞர்களைப் பற்றி எழுதிய பெரிய நூலில், சிலை வடிப்பவர்கள் இந்தக் கடைசி வகையைப் பின்பற்றியதைக் காணலாம். உள்ளங்கையில் அடங்கும் புத்தர் சிலையும் மலைப்பாறையில் நிற்கும் புத்தர் சிலையும் ஒரே வாய்பாட்டில் அமைவது அதனால்தான். அங்கே விரலைச் செ.மீ.க்கு மாற்ற முயல்வதே பொருளற்றது. அது ஒரு தூய விகிதம். வெளியுலக ஊன்று அளவு அதற்குத் தேவையே இல்லை.

கீழ்ப்படிகளில் இருக்கும் சிக்கல் இது. மேற்படிகளில் சிக்கல் இன்னும் ஆழமானது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

கூப்பிடு என்றால் கூப்பிட்டால் கேட்கும் தூரம். கண்டிச் சிங்களத்திலும் இதே கருத்தில் ஹூவ என்ற அளவு உண்டு. ஹூ என்று நீட்டிக் கூவினால் எட்டும் தூரம். தமிழ் வாய்பாடு கூப்பிடுவை 2,000 முழம் என்கிறது. சாதாரண முழத்தில் 914 மீட்டர், தச்சு முழத்தில் 1,676 மீட்டர். மனிதக் குரல் அவ்வளவு தூரம் போகுமா? உரத்த கூவல் ஒன்று, கூவுபவரிடமிருந்து ஒரு மீட்டரில் 90 முதல் 100 டெசிபல் இருக்கும். தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 914 மீட்டருக்குப் போகும்போது 59 டெசிபல் குறைந்திருக்கும், 1,676 மீட்டரில் 64. மிஞ்சுவது முதலாவதில் 31 முதல் 41, இரண்டாவதில் 26 முதல் 36. அமைதியான கிராமத்து இரவின் பின்னணி ஒலியே 30 டெசிபல் அளவில் இருக்கும். அதாவது இரண்டு தூரங்களும் கேட்கும் எல்லையின் விளிம்பில் நிற்கின்றன. சிறியது சற்று வசதியாக, பெரியது மிகவும் சிரமப்பட்டு.

மலைநாட்டில் இன்னொன்றும் சேர்கிறது. வெப்பமான காற்றில் ஒலி வேகமாகப் போகும், குளிர்ந்த காற்றில் மெதுவாகப் போகும். இதனால் ஒலி எப்போதும் குளிர்ந்த பக்கமாக வளையும். விடியற்காலையில் பள்ளத்தாக்கின் அடியில் குளிர்ந்த காற்று தேங்கி, மேலே வெதுவெதுப்பான காற்று இருக்கும்போது, மேலே போக வேண்டிய கூவல் கீழே வளைந்து வயலுக்கே திரும்பி வரும். எதிர்மலையில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். நண்பகலில் தரை சுடும்போது அதே கூவல் மேல்நோக்கி வளைந்து, சில நூறு மீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு எட்டாமல் போகும். மகாவலிக் கரையில் காலை ஆறு மணியின் ஹூவவும் பகல் ஒரு மணியின் ஹூவவும் ஒரே நீளம் அல்ல. கூவலை 500 கோலோடு கட்டியவர் இயற்கையிலிருந்து எடுத்த ஓர் அளவையும் கணக்கிலிருந்து எடுத்த ஓர் அளவையும் ஒட்ட வைத்திருக்கிறார்.

ஒட்ட வைத்த இடம் யோசனையில் (யோஜனை என்ற தூர அளவில்) இன்னும் தெளிவாகத் தெரியும். 12-ஆம் நூற்றாண்டில் பொலநறுவையில் மொக்கல்லான தேரர் தொகுத்த பாளி நிகண்டின்படி ஏழு முழம் ஒரு கோல், 20 கோல் ஓர் உசபம், 80 உசபம் ஒரு காவுதம், நான்கு காவுதம் ஒரு யோசனை. காவுதம்தான் சிங்களத்தின் கவ்வ. பெருக்கினால் யோசனை 44,800 முழம்; 18 அங்குல முழத்தில் 20.5 கிலோமீட்டர், கிட்டத்தட்ட பன்னிரண்டே முக்கால் மைல். இலங்கையில் சிவில் அதிகாரியாக இருந்து பாளி அறிஞரான ரைஸ் டேவிட்ஸ் 1877-இல் இதைச் சோதித்தார். வாய்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு, பழைய நூல்களில் இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்கு இத்தனை யோசனை என்று வரும் இடங்களையும் அந்த ஊர்களுக்கிடையே உண்மையில் உள்ள தூரத்தையும் ஒப்பிட்டார். யோசனைக்குக் கிடைத்தது 7-க்கும் 8-க்கும் இடைப்பட்ட மைல். வாய்பாடு சொன்னதில் அறுபது சதவீதம்.

முழத்தைச் சுருக்கி இந்த இடைவெளியை மூட முடியாது. அப்படிச் செய்தால் முழம் 11 அங்குலத்துக்கு வந்துவிடும். யோசனை பிறந்தது வண்டி மாட்டிலும் மனிதர் நடையிலும். முழம் பிறந்தது கையில். இரண்டும் தனித்தனியாக வளர்ந்தவை. பின்னால் வந்த ஒரு கணக்கர், ஒழுங்கு வேண்டி, முழு எண்களால் ஒரு பாலம் போட்டிருக்கிறார். அந்தப் பாலத்தின் வழியாக விரலிலிருந்து யோசனைக்கு நடந்து போனால் தவறான இடத்தில்தான் இறங்குவோம்.

இது கிழக்கு நாடுகளின் குறை என்று யாரும் எண்ண வேண்டாம். ஆங்கில மைல் 5,280 அடி என்று வாய்பாடு படித்த எவருக்கும் அந்த எண் ஏன் அப்படிக் கோணலாக இருக்கிறது என்ற கேள்வி வந்திருக்கும். பழைய மைல் 5,000 அடிதான். ஆனால் நிலத்தை அளந்தவர்கள் பதினாறரை அடிக் கோலால் அளந்தார்கள்; 40 கோல் ஒரு பர்லாங், 660 அடி. மைலுக்கும் பர்லாங்குக்கும் கணக்கு ஒட்டவில்லை. காணி உறுதிகள் எல்லாம் கோலில் எழுதப்பட்டிருந்ததால் கோலில் கை வைக்க முடியாது. ஆகவே 1593-இல் எலிசபெத் காலத்துச் சட்டம் மைலை எட்டு பர்லாங் என்று நீட்டிவிட்டது. அந்தப் பதினாறரை அடிக் கோல்தான் பேர்ச். அதன் சதுரம், 272.25 சதுர அடி, இன்று கண்டியில் வீட்டுக் காணி விற்கும் அளவு. 160 பேர்ச் ஓர் ஏக்கர்.

இப்போது கோவலனின் முப்பது காதத்தை ரைஸ் டேவிட்ஸின் வழியில் பார்க்கலாம். பூம்புகாரிலிருந்து மதுரைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 230 கிலோமீட்டர். அவர்கள் போனதுபோல அரங்கம், உறையூர் வழியாகச் சுற்றினால் 280 அளவில் வரும். முப்பதால் வகுத்தால் ஒரு காதம் 7.7 முதல் 9.3 கிலோமீட்டர். முப்பது என்பது உருட்டிச் சொன்ன எண் என்பதையும் நினைவில் வைத்தால், 3.66-உம் அகராதியின் பத்து மைலான 16-உம் வெளியே போகின்றன. 6.7 மட்டும் அருகில் நிற்கிறது. சிலப்பதிகாரத்தின் காதம் தச்சு முழத்தில் அளந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட மாட்டேன். ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் அந்தப் பக்கமே கட்டுவேன்.

பழைய தூரங்களை மாற்றி எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. மூன்று யோசனை என்று நூலில் இருப்பதை 61.45 கிலோமீட்டர் என்று எழுதுவது பொய்த் துல்லியம். மூன்று என்று சொன்னவர் இரண்டரையையும் மூன்றரையையும் மூன்று என்றே சொல்லியிருப்பார். யோசனையின் நீளத்திலேயே 12 முதல் 20 கிலோமீட்டர்வரை சந்தேகம் இருக்கிறது. அந்தத் தடுமாற்றத்தையும் சேர்த்து, 30 முதல் 70 கிலோமீட்டர் என்று எழுதினால் படிப்பவருக்கு உண்மை போய்ச் சேரும். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்கள் மூல நூலில் இருந்தவை அல்ல. பெருக்கும் கருவியில் பிறந்தவை.

சில சமயம் நூலும் இல்லை, கோலும் இல்லை, கட்டடம் மட்டும் மிஞ்சியிருக்கும். அதிலிருந்து முழத்தைப் பிடிக்க முடியுமா? முடியும். மூடிய தேயிலைப் பெட்டிகள் சில கொடுக்கப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஒரே எடையுள்ள பொட்டலங்கள். எத்தனை என்று தெரியாது. பெட்டிகளை நிறுத்தால் 600, 1,000, 1,400, 1,800 கிராம் என்று வருகிறது. திறக்காமலே ஒரு பொட்டலம் 200 கிராம் என்று ஊகிக்கலாம். எல்லா எடையும் 200-இன் முழு மடங்குகள். கட்டடத்தின் நீள அகலங்களும் அப்படித்தான். தச்சன் ஏழு முழம், பத்து முழம் என்று முழு எண்களில் அமைத்திருந்தால், அளந்த நீளங்களுக்குள் அவனுடைய முழம் ஒளிந்திருக்கும். 1974-இல் டேவிட் கெண்டல் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் இதற்கு ஒரு முறையான வழி வகுத்தார். ஒவ்வொரு சாத்தியமான அலகையும் எடுத்து, எல்லா நீளங்களையும் அதனால் வகுத்து, மீதிகள் பூச்சியத்துக்கு எவ்வளவு கிட்ட வருகின்றன என்று மதிப்பெண் போட வேண்டும். அலகை மாற்றிக்கொண்டே போனால் மதிப்பெண் ஏறி இறங்கும். எங்கே உச்சம் வருகிறதோ அங்கே பழைய அலகு இருக்கலாம்.

இருக்கலாம் என்ற சொல் முக்கியம். எந்தக் குருட்டு எண்களைக் கொடுத்தாலும் எங்கேயோ ஓர் உச்சம் வரத்தான் செய்யும். அதனால் கெண்டல் இன்னொரு படியையும் சேர்த்தார்: தற்செயலாக உருவாக்கிய நீளங்களைப் பல தடவை அதே சோதனைக்கு உட்படுத்தி, அவற்றின் உச்சங்களைவிட நம்முடையது தெளிவாக உயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஸ்கொட்லாந்தின் கல்வட்டங்களில் 2.72 அடி கொண்ட ஓர் அலகு இருந்ததாக அலெக்சாண்டர் தொம் என்ற பொறியியலாளர் சொல்லிவந்ததைச் சோதிக்கவே அவர் இதைச் செய்தார். ஏதோ ஓர் அலகின் சாயல் தென்பட்டது. ஆனால் காலடியால் அளந்திருந்தாலும் அந்தச் சாயல் வரும் என்று பிறகு பலர் சுட்டிக்காட்டினார்கள்.

இந்தச் சோதனைக்கு ஏற்ற கட்டடம் ஒன்று, நொக்ஸ் வீடு கட்டிய அதே உடுநுவரவில் இருக்கிறது. கடலாதெனிய விகாரை 1344-இல் எழுந்தது. கம்பளையைத் தலைநகராகக் கொண்ட நான்காம் புவனேகபாகு காலம். வெறும் பாறைமேல் நிற்கும் கற்கட்டடம், தென்னிந்தியக் கோயில் பாணி. கட்டியவரின் பெயர் கல்வெட்டிலேயே இருக்கிறது: கணேஸ்வராச்சாரி. தமிழ்நாட்டுச் சிற்பியின் தச்சு முழம் கண்டி மலைக்கு வந்ததா என்று கேட்க இதைவிட நல்ல இடம் எது? அடித்தளத்தின் நீள அகலம், தூண்களின் நடுவிலிருந்து நடுவுக்குள்ள இடைவெளி, வாசலின் அகலம், சுவரின் கனம் என்று முப்பது நாற்பது நீளங்களை மூலக் கற்களில் மட்டும், பிற்காலத் திருத்தங்களைத் தவிர்த்து, எடுக்க வேண்டும். 83.8 செ.மீ.க்கு அருகே உச்சம் வந்தால் தமிழ்த் தச்சு முழம். 72-க்கு அருகே வந்தால் கேரளக் கோல். கம்பளை அரசில் செல்வாக்குப் பெற்ற அழகக்கோன் குடும்பம் கேரளத்து வஞ்சியிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுவதால் அதுவும் வியப்பாக இராது.

ஒரு பொறி இருக்கிறது. 83.8-க்குப் பொருந்தும் நீளம் எதுவும் அதன் பாதியான 41.9-க்கும் பொருந்தும். அந்த 41.9 நொக்ஸின் சாதாரண ரியன் இருக்கும் இடம். இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி ஒற்றைப்படை மடங்குகளைத் தேடுவது. 41.9-இன் ஏழு, ஒன்பது, பதினொரு மடங்குகள் அடிக்கடி வந்தால் சிற்பி சிறிய முழத்தைக் கையில் வைத்திருந்தார். இரட்டைப்படை மட்டுமே வந்தால் பெரிய முழம். முப்பது நாற்பது நீளங்கள் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். நான்கைந்தில் இந்த வேறுபாடு தெரியாது. தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியும் லேசர் அளவுகருவி ஒன்றும் இருந்தால் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் இதைச் செய்து முடிக்கலாம். விடை எதுவானாலும், அதே 1344-இல் அடுத்த குன்றில் எழுந்த லங்காதிலக விகாரையில் அதே அளவைகளை மறுபடி எடுக்க வேண்டும். அங்கேயும் அதே உச்சம் வந்தால் முதலில் கிடைத்தது தற்செயல் அல்ல.